பிரெஞ்சு ஒயினில் கிராம்பு வாசம்

கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சைக் கடைவாயில் வைத்து, "கடிச்சுப் புடிச்சுக்குங்க, பத்து நிமிசம்" என்றார் பல் டாக்டர். பத்து நிமிடம் என்னால் முடியவில்லை. பஞ்சும் கிராம்பும் ஒன்றாய்க் கரைந்து நாக்கின் வேர்ப்பக்கம் இறங்கியதும் அடிவயிறு மேலே ஏறி வந்தது. நாற்காலியோடு ஒட்டியிருந்த பீங்கான் கிண்ணத்தில் துப்பினேன். மறுபடி துப்பினேன். தண்ணீர் சுழன்று சுழன்று எடுத்துக்கொண்டு போனது. "ஏனுங்க, ஊசியே போடலை, அதுக்குள்ளயா?" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். ஐம்பத்தைந்து வயதுக்காரன் ஒரு துளி தைலத்துக்கு இப்படிக் குமட்டினால் யாருக்கும் சிரிப்பு வரும். பிரியாணியில் கிராம்பைத் தேடித் தேடி எடுத்து இலையின் ஓரத்தில் ஒதுக்குகிறேன். கல்யாணப் பந்தியில் கடைசியாகத் தரும் பீடாவைக் கிராம்பு குத்தியிருந்தால் தொடமாட்டேன். ஏதோ ஒவ்வாமை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வாமைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவ்வளவே.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் ருசி பார்ப்பவனாக இருந்தேன். காலையில் நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். கரண்டியில் மொண்டு, தொட்டி காலியாகும்போது குழாய் போடுமே ஒரு சத்தம், அதே சத்தத்தோடு உறிஞ்சவேண்டும். சாறு வாய்க்குள் மழையாகத் தெறிக்கவேண்டும். ஒரு நொடி. பிறகு சக்கரம் வைத்த துப்புத்தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். விழுங்குவது கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் உழைப்பை வாயில் வாங்கி, மதிப்புச் சொல்லி, துப்பிக்கொண்டே நடக்கிற வேலை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. எழுதிய கவிதைகளையெல்லாம் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. நாக்கை மட்டும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. எந்த மலைச்சரிவு, மழைக்கு முன் கிள்ளியதா பின்னா, அடுப்புக்காரன் கண் அசந்தானா என்பதெல்லாம் ஒரு கரண்டியில் சொல்வேன். சொல்லிவிட்டு, சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம்தான் எனக்குச் சம்பளம்.

அலுவலகம் என்னை மூன்று மாதம் லண்டனுக்கு அனுப்பியிருந்தது. தேயிலை கற்றுத்தந்த கட்டடத்தின் நிலவறையில் ஒயின் வியாபாரிகள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாடிக்காரர்களும் கீழ்க்காரர்களும் ஒருவர் சரக்கை ஒருவர் ருசி பார்ப்போம். பிரான்சின் போர்டோ பக்கத்துச் சிவப்பு ஒயின்களை, இருபது வருடம் இருட்டில் படுத்துக் கிடந்தவற்றை, அங்கேதான் முதலில் வாயில் வாங்கினேன். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்தால் நடுவில் மாதுளை, விளிம்பில் செங்கல். மூக்கைக் கொண்டுபோனால் பழைய தோல்பை, புகையிலை, மழை நின்ற காட்டில் காளான். மூன்று வகைத் திராட்சையைத் தனித்தனியாகப் பிழிந்து, ஒன்றின் முரட்டுத்தனத்தை இன்னொன்றின் சதையால் மூடி, மூன்றாவதை வாசத்துக்காகத் தொட்டுவைக்கிற கலவை அது. வருடம் ஆக ஆகத் தையல் தெரியாமல் போய்விடும். ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கோயம்புத்தூரில் இது நிறைய.

அதனால்தான் மில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பீளமேட்டில் நூல் மில், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட். அவருடைய தேயிலை என் மேசைக்கு வரும். அதிர்ந்து பேசமாட்டார். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே வாய் நிறைய 'ங்க'. நாய்க்குட்டியைக்கூட "உள்ள போங்க" என்பார் என்று மில்லில் கேலி உண்டு. பத்து வருடத்துக்கு முன் அவருக்கு மெஷின் விற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒரு மரப்பெட்டியில் பன்னிரண்டு புட்டி ஒயின் கொடுத்திருந்தார். அந்தப் பிரெஞ்சுக்காரர் செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார்.

"அவன் குடுத்தத நாம எப்புடி வெச்சிருக்கறோம்னு அவன் பாக்கோணுமுங்க தம்பி" என்றார் போனில். "ஆனா வெள்ளைக்காரன் வாயில வெச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சுப்போட்டா நமக்கு அசிங்கம். நீங்க ஞாயித்துக்கெழமை தோட்டத்துக்கு வந்து ரெண்டு மூணு பாட்டலப் பாத்துச் சொல்லீருங்க. நம்ம ஸ்டோர்க்காரரு கொண்டாருவாரு. அவரோடயே ஜீப்புல வந்துருங்க."

மில் கிடங்குக்குப் பொறுப்பான அந்த ஸ்டோர்க்காரரை எனக்கு அதற்குமுன் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவர். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் ஒரு வேப்பங்கொத்து அளவுக்குச் சாவிக்கொத்து. மூன்று புட்டிகளைக் கழிவுப் பஞ்சில் பொதிந்து, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்போல மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஜீப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, நீ குடிக்கறவனா?" என்றார் என்னிடம்.

"இல்லீங்ணா. ருசி பாத்துட்டுத் துப்பீருவேன்."

"துப்பறதுக்கா படிச்சுட்டு வந்தே!" என்று சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார். அவருடைய மாமனார் குடித்துக் குடித்தே வெள்ளகோவிலில் இருந்த விளைநிலத்தை அழித்தவர். "கல்யாணத்துக்கு முந்தி அம்மணி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நகை கேக்கல, சீலை கேக்கல. 'அந்த வாசம் மட்டும் எம்பக்கம் வரப்படாது'ன்னா. முப்பது வருசமாச்சு. இருமல் மருந்துகூட ஆகாது கண்ணு எனக்கு. மொதலாளிக்கு இது தெரியும். அதுக்குத்தான் இந்தப் பொட்டிச் சாவிய எங்கிட்டக் குடுத்தாரு. குடிக்கறவங் கையில குடுப்பாங்களா?"

"பத்திரமா வெச்சிருக்கறீங்களா?"

"என்ன கண்ணு அப்புடிக் கேட்டுட்டே? வாராவாரம் தொடச்சு, ஒண்ணு மேல ஒண்ணு படாம, நெட்டுக்குத்தா நிக்க வெச்சிருக்கறேன். வந்த அன்னிக்கே மட்டத்துல காயிதம் ஒட்டீட்டேன். பத்து வருசம். ஒரு சொட்டுக் கொறையல."

பஞ்சை விலக்கிக் காட்டினார். புட்டியின் கழுத்தில், எண்ணெய் டிரம்முக்கு ஒட்டுவதுபோல, மெல்லிய காகிதக் கோடு. ஒயின் சரியாக அந்தக் கோட்டில் நின்றது.

லண்டன் நிலவறையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே, தக்கை மூச்சு விடும் என்பதுதான். எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் வருடத்துக்கு இத்தனை என்று ஒயின் தன்னால் குறையும். பத்து வருடம் ஒரு சொட்டும் குறையாத புட்டி உலகத்தில் கிடையாது. எனக்குத் தெரியும். தெரிந்தது தலையில் எங்கோ கிடந்தது. நான் அப்போது, முதலாளி வீட்டில் எந்த வார்த்தைகளைச் சொல்லலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் தோட்டம். வாசலில் நின்றால் மலை கைக்கு எட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவருடைய பன்னீர் திராட்சைப் பந்தல் பச்சைக் கூரையாகப் போய்க்கொண்டே இருக்கும். முதலாளியின் நண்பர்கள் மூன்று பேர் ஏற்கெனவே வந்து பிரம்பு நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருப்பவர், ஊருக்குள் கணபதிப் பக்கம். அவருக்குத்தான் வாய். மற்ற இருவருக்கும் சிரிப்பு மட்டும். பதினொரு மணி ஆகவில்லை, மேசையில் கோழி வறுவல் வந்துவிட்டது. கறிவேப்பிலை ஒட்டிய விரல்களால் கண்ணாடிக் கோப்பைகளைத் தொட்டார்கள். நாலு கோப்பைதான் இருந்தது. மீதிப் பேருக்கு எவர்சில்வர் டம்ளர்.

"துப்பறதுக்கு ஏதாச்சும் வேணுமுங்க" என்றேன்.

"துப்பறதா!" பவுண்டரிக்காரர் கண்ணை விரித்தார். "இத்தன வருசம் வெச்சது துப்பறதுக்குங்களா? எங்க வாயில துப்புங்க தம்பி, நாங்க வாங்கிக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கை கழுவுகிற பிளாஸ்டிக் பக்கெட்டைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்கள். அதன் விளிம்பில் சோறு காய்ந்திருந்தது.

தக்கையைத் திறக்கும் திருகி அந்த வீட்டில் இல்லை. பவுண்டரிக்காரர் மரத்தில் முடுக்குகிற ஒரு ஸ்குருவைத் தக்கையில் இறக்கி, கட்டிங் பிளேயரால் கவ்வி, தொடைகளுக்கு நடுவில் புட்டியை வைத்து இழுத்தார். அதற்குமுன்பே மேலேயிருந்த ஈயத்தாள் மூடியை முழுதாகக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். அதன் நடுவில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஓர் அரக்குப் பொட்டு. "பிரெஞ்சுக்காரன் சீலு" என்று முதலாளி பெருமையாகக் காட்டினார். தக்கை பாதியில் உடைந்தது. மீதியை உள்ளே தள்ளினார்கள். பிறகு பவுண்டரிக்காரர் கட்டைவிரலால் வாயை அடைத்து, புட்டியைத் தலைகீழாக்கி இருமல் மருந்தைப்போலக் குலுக்கினார்.

"குலுக்காதீங்க! அடியில மண்டி இருக்கும்!" என்றேன்.

"மண்டியில்லீங்க தம்பி, சத்து. அடியில நிக்கறதுதானுங்க அசலு."

பத்து வருட மௌனம் இரண்டே உலுக்கலில் கலங்கிப்போனது. கோப்பையில் விழுந்தது ஒயின் நிறத்தில் இல்லை. சாயப்பட்டறைச் சாக்கடை நிறத்தில் இருந்தது. கருஞ்சிவப்பில் பழுப்புத் துகள்கள் மேலும் கீழும் அலைந்தன.

முதலாளி லேபிளைக் காட்டி, "இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்றார். தெரிந்த வரைக்கும் படித்துச் சொன்னேன். மூன்று திராட்சை சேர்ந்தது என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கலப்படமுங்களா?"

"கலப்படமில்லீங்க, கலவை. நீங்க மில்லுல மிக்சிங் போடறீங்கல்ல? நாலு ஊருப் பஞ்சச் சேத்து? அதுமாதிரி."

"ஓ, மிக்சிங்!" முகம் மலர்ந்தது. நண்பர்கள் பக்கம் திரும்பி, "தம்பிக்கு நம்ம தொழிலும் தெரியுது பாருங்க" என்றார். அந்த ஒரு வரியில் நான் பூரித்தேன். பூரித்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் அருவருப்பு.

மூக்கைக் கொண்டுபோனேன். நனைந்து காயாத சாக்கு. தீய்ந்த வெல்லப்பாகு. அதன் அடியில், புளித்த காடி. வெயில் பார்த்துச் செத்துப்போன ஒயின் என்று முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 'வெய்யல்ல கெட்டுப்போச்சுங்க' என்று சொல்லியிருந்தால், எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டுக் கோழிக்குத் திரும்பியிருப்பார்கள்.

ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வாங்கி, காற்றோடு உறிஞ்சினேன். அந்தச் சத்தத்துக்குப் பவுண்டரிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே என் நாக்கில் ஏதோ இடறியது. சாக்குக்கும் காடிக்கும் பின்னால், பொருந்தாத ஒரு தித்திப்பு. பன்னீர் தெளித்ததுபோல ஒரு மணம். அதற்கும் பின்னால், மெல்லிய ஆணியாக, கிராம்பு.

பக்கெட்டில் துப்பினேன். என் துப்பல் காய்ந்த சோற்றின்மேல் சிவப்பாக வழிந்தது. இன்னொரு வாய் எடுத்தேன். நிச்சயம். உள்ளே ஏதோ எக்களித்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற எக்களிப்பு. கவிதையில் எப்போதாவது ஒரு சொல் தானாக வந்து உட்காரும்போது வருமே, அதே எக்களிப்பு. வெட்கக்கேடு, இரண்டுக்கும் எனக்கு ஒரே நரம்புதான் போலிருக்கிறது.

"இது முழுசாப் பிரான்சு இல்லீங்க" என்றேன். இடைவெளி விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினேன். "இதுல அந்தப் பந்தல் இருக்குதுங்க."

"என்னது?"

"பன்னீர் திராட்சைங்க. நம்மூருது. கிராம்பும் பட்டையும் போட்டு வீட்டுல காச்சி வெச்ச ஒயினு. கிறிஸ்துமஸுக்குப் பண்ணுவாங்கல்ல, அது. நாலுல ஒரு பங்கு கலந்திருக்குது."

கைதட்டல். பவுண்டரிக்காரர் எழுந்து வந்து என் முதுகில் அடித்தார். "நாக்கா இது! கோர்ட்டுல வெக்கோணுமுங்க இத!" நான் சிரித்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன். அவர் கைதட்டவில்லை. மெதுவாக அந்த ஈயத்தாள் மூடியை எடுத்து, அரக்குப் பொட்டை நகத்தால் பெயர்த்தார். கீழே ஊசித்துளை. ஒன்றல்ல, பக்கம் பக்கமாக இரண்டு.

"மத்த ரெண்டையும் தொறங்க" என்றார்.

இரண்டாவதிலும் கிராம்பு. மூன்றாவதிலும் கிராம்பு, அதே அளவு. மூன்று முறையும் நான்தான் உறிஞ்சினேன். மூன்று முறையும் தலையை ஆட்டினேன்.

"தம்பி சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார் முதலாளி. ஜீப் பக்கம் நின்றிருந்த ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க."

வந்தார். மேசையில் கிடந்த மூடிகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பயந்த மாதிரி தெரியவில்லை. செய்த வேலையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறவர் மாதிரித்தான் நின்றார்.

"இதுல என்னங்க ஊத்துனீங்க?"

"நம்ம டிஸ்பென்சரி நர்ஸம்மா ஊட்டு ஒயினுங்க. அவிய நோம்பிக்கிப் பண்ணுனது. செகப்பு செகப்பாவே இருந்துச்சுங்க."

"எதுக்குங்க ஊத்துனீங்க?"

"கொறஞ்சுதுங்க. ரொப்பி வெச்சனுங்க. மாட்டுக்குப் போடற ஊசிங்க, சுத்தமாக் காச்சித்தான் எடுத்தனுங்க. ஒரு ஊசி காத்துப் போக, இன்னொண்ணு ஊத்த. தக்கைய அசைக்கவே இல்லீங்க."

பவுண்டரிக்காரர் வெடித்துச் சிரித்தார். "கொறஞ்சுதா! எப்புடிங்க கொறஞ்சுது? தானாக் கொறஞ்சுதா?"

"தானாங்க."

"எங்கூட்டு பாட்டலும் அப்புடித்தானுங்க, நான் படுத்து எந்திரிச்சாத் தானாக் கொறஞ்சுருது!"

ஸ்டோர்க்காரர் அவரைப் பார்க்கவில்லை. முதலாளியை மட்டும் பார்த்தார். "பஞ்சுன்னா இன்விசிபிள் லாஸ்னு எழுதிப்போடலாமுங்க. இதுக்கு அப்புடி எழுத முடியுங்களா? மட்டம் எறங்குனா நாந்தான் குடிச்சேன்னு ஆயிருமுங்களே" என்றார்.

மில்லில் அது அன்றாடச் சொல். வாங்கிய பஞ்சு வெயிலில் ஈரம் காய்ந்து, நூற்கும்போது தூசியாகப் பறந்து, எடை குறையும். எங்கே போனது என்று யாரையும் கேட்கமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நட்டம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மூடிவிடுவார்கள். பஞ்சுக்குக் கொடுத்த அந்த மன்னிப்பை ஒயினுக்குக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வருடா வருடம் இறங்கிய மட்டத்தை, வருடா வருடம் ஊசியால் ஏற்றி, காகிதக் கோட்டில் நிறுத்தியிருக்கிறார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. சீல் வெச்ச பாட்டல்ல தானாக் கொறையுங்களா?"

அந்தக் காலை முழுவதும் ஒரே ஒரு உண்மையான கேள்விதான் கேட்கப்பட்டது. அதுவும் என்னிடம். 'கொறையுமுங்க, அவரு சொல்றது நெசம்' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நான் நிபுணன். நிபுணனுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வராது. லண்டன் நிலவறையின் குளிரில், படுக்கவைத்த புட்டிகளில், பத்து வருடத்துக்கு எவ்வளவு இறங்கும் என்று யோசித்தேன். ஒரு விரல்கூட இறங்காது. கால் பங்கு எங்கே, அது எங்கே?

"கொறையுமுங்க" என்றேன். "ஆனா இவ்வளவு கொறையாதுங்க."

ஸ்டோர்க்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் வாத்தியார் தப்பாகப் போட்டுவிட்டால் நன்றாகப் படிக்கிற பையன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"அப்பறமென்னங்க" என்றார் பவுண்டரிக்காரர், டம்ளரைத் தூக்கி. "மில்லுல இத்தன வருசமா இன்விசிபிள் லாஸ் எங்க போகுதுன்னு தெரியாம இருந்தீங்கல்ல? இதா நிக்குதுங்க உங்க இன்விசிபிள் லாஸு. திருநீறு பூசிட்டு!"

சிரிப்பு. கோழி எலும்பு ஒருவர் வாயிலிருந்து மேசையில் விழுந்தது. முதலாளியும் சிரித்தார். சத்தமில்லாமல், நாகரிகமாக. பிறகு எவர்சில்வர் டம்ளரில் அந்தக் கலங்கலை அரை அளவு ஊற்றி, நீட்டினார்.

"நீங்க குடிக்கறதில்லைனு ஊரே சொல்லுதுங்க. நானும் நம்பிட்டனுங்க. அப்ப இது பிரான்சா தொண்டாமுத்தூரான்னு உங்களுக்கு வாசந் தெரியாதில்லீங்களா? ஒரு வாய் குடிச்சுப்பாத்துச் சொல்லுங்க."

"வேண்டாமுங்க" என்றார் ஸ்டோர்க்காரர். ஒரே முறை.

"குடிங்க."

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வசைகளைக் கேட்டிருக்கிறேன். அந்த 'குடிங்க'வில் இருந்த 'ங்க' அளவுக்கு ஆபாசமான ஒரு ஒலியை இன்றுவரை கேட்டதில்லை. மரியாதை குறையாமல் ஒருவர் கழுத்தை நெரிக்க எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு முடியும்.

வாங்கினார். வாங்கும்போதுகூட இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடி, அண்ணாந்து, கஷாயம் குடிப்பதுபோல ஒரே மடக்கில் விழுங்கினார். அத்தனையும். துப்பலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கெட் என் காலடியில் இருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம். நான் தள்ளவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. நரைத்த மீசையின் விளிம்பில் ஊதாக் கோடு. வெள்ளைச் சட்டையில், பையில் சொருகிய பேனாவுக்குக் கீழே, இரண்டு சொட்டு.

"மூஞ்சியக்கூடச் சுளிக்கல பாருங்க!" என்று பவுண்டரிக்காரர் கத்தினார். "பழக்கந்தானுங்க!"

ஸ்டோர்க்காரர் டம்ளரை மேசையில் வைத்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, அதன் பக்கத்தில் வைத்தார். "தெரியலீங்க" என்று முதலாளியிடம் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில். பிறகு படியிறங்கித் தோட்டத்துக்குள் நடந்தார்.

எனக்கு வாயெல்லாம் கிராம்பு. எழுந்து அவர் பின்னால் போனேன். மோட்டார் ரூம் பக்கத்துத் தொட்டியில் குனிந்து, கையில் தண்ணீர் அள்ளி அள்ளிக் கொப்புளித்துக்கொண்டிருந்தார். விரலால் பல்லைத் தேய்த்தார். நாக்கைத் தேய்த்தார். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். ஒன்றும் வரவில்லை. நானும் பக்கத்தில் குனிந்து கொப்புளித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாடுகள் மாதிரித் தொட்டியில் வாயை வைத்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்ணா, அந்தப் பொட்டி ஸ்டோர்ல எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மேல மச்சுல கண்ணு. பத்திரமா இருக்கட்டும்னு."

"கூரை?"

"தகரந்தான்."

தகரக் கூரைக்கு அடியில். கோயம்புத்தூரின் பத்துக் கோடைகள். படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தியதால் தக்கை காய்ந்து, சுருங்கி, பத்து வருடம் வாயைத் திறந்து வைத்திருந்த புட்டிகள். கால் பங்கென்ன, அரைப் பங்குகூட இறங்கியிருக்கும். லண்டன் குளிரை வைத்துத் தகரக் கூரையின் சூட்டை அளந்திருந்தேன். தவிர, திருடுகிறவன் எவனும் மூன்று புட்டியிலும் ஒரே அளவு எடுத்து ஒரே மட்டத்தில் நிறுத்தமாட்டான். மூன்றிலும் கிராம்பு ஒரே அளவு இருந்ததை என் நாக்கே சொன்னது. நாக்கு சொன்னதை நான் கேட்கவில்லை.

"நான் போய்ச் சொல்லீர்றனுங்ணா. அவ்வளவும் தானாக் கொறஞ்சதுதான். நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"சொல்லி?" என்றார். சட்டை நுனியால் மீசையைத் துடைத்தார். "இனி என்ன கண்ணு. குடிக்கலைன்னு சொல்றதுக்குத்தான் இத்தன பாடு. இப்பக் குடிச்சாச்சு."

வாசலில் பவுண்டரிக்காரர் ஏதோ சொல்ல, சிரிப்பு தோட்டம் தாண்டி வந்தது. நான் போகவில்லை. போகவே இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை வந்த பிரெஞ்சுக்காரருக்கு விஸ்கி கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஸ்டோர் சாவி வேறொருவர் இடுப்புக்குப் போயிருந்தது. எஸ்டேட் தேயிலை வழக்கம்போல என் மேசைக்கு வந்தது. வழக்கம்போல உறிஞ்சினேன், துப்பினேன். அடுத்த வருடம் அந்த வேலையை விட்டேன். அதை ஒரு பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிஜத்தில் சென்னையில் வேறு வேலை கிடைத்தது.

அன்று அவர் ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நடந்தார். கேட் வரைக்கும் கூடப் போனேன். பந்தலில் பழுத்த திராட்சையின் மணம் வெயிலில் மூச்சை அடைத்தது. தூரத்தில் பஸ் புழுதி தெரிந்தது. அவர் நின்று, சட்டைக் கறையைக் கையால் மறைத்துப் பார்த்தார். முழுக்க மறையவில்லை. பிறகு என் பக்கம் நெருங்கினார். முகத்துக்கு நேராக வந்தார்.

"கண்ணு, ஊட்டுல அம்மணி இருப்பா. நீ மோந்து பாத்துச் சொல்லு. வாசம் வருதா?"

வாயைத் திறந்து, என் முகத்தில் ஊதினார். குழந்தை ஊதுவதுபோல, கன்னத்தை உப்பி. சாக்கு, வெல்லம், காடி, காய்ந்த திராட்சை, பித்தம். எல்லாவற்றுக்கும் மேலே, குத்தி நின்ற கிராம்பு.

"இல்லீங்ணா. வரல."

"நெசமா?"

"நெசமாங்ணா. ஒண்ணுமே வரல."

"செரி. நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்."